இன்ஜின் சத்தம் இல்லாத குரல்

தம்பியின் குரல் தெளிவாக வந்தது. ஓடீலுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

பந்தயக் காருக்குள்ளிருந்து பேச்சு அப்படி வரவே வராது. பல வருடமாக இந்த ரேடியோவோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். என்னதான் வடிகட்டினாலும் இன்ஜினின் ஊளை ஒட்டிக்கொண்டுதான் வரும். ஆர்டென் காட்டு மூடுபனி மதியத்திலேயே இறங்கி, கருகிய ரப்பர் வாடையும் ஈர மரங்களின் வாசமுமாகப் பாதையோர அணிக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டிருக்க, ஹெட்போனில் பாஸ்தியன் மூடிய அறையில் படுத்திருப்பவன் போல மெல்ல மூச்சுவிட்டான்.

"அக்கா, ரொம்பக் குளிருது."

ஸ்டீயரிங்கில் அவன் பொத்தானை அழுத்தினால் இவள் மேசையில் பச்சை விளக்கு எரியும். எரியவில்லை.

"என்னடா ஆச்சு?"

விளக்கு எரிந்தது. இந்த முறை இரைச்சலோடு அவன் வழக்கமான கத்தல். "ஒண்ணும் கேக்கல! ரேடியோவா இது, தகர டப்பா! கூடப் பொறந்தவனுக்கு ஒழுங்கா ஒண்ணு மாட்டக் கூடாதா?"

பக்கத்திலிருந்த அணித் தலைவர் ரெனே சிரித்தார்.

"அதுக்கு முன்னாடி பேசினது கேட்டுச்சா, ரெனே?"

"எது? இப்பத்தானே வாயத் தொறந்தான்."

அடுத்த சுற்று. மறுபடியும் அந்தத் தெளிவு.

"சுவரோரமா கெடக்கேன் அக்கா. யாருமே வரல."

திரையில் அவன் கார் பறந்துகொண்டிருந்தது, பனிக்குள் ஒரு சிவப்பு விளக்காக. ஓடீல் ரெனேயின் பக்கம் திரும்பினாள்.

"அவன உள்ள கூப்பிடுங்க, ரெனே!"

"நல்லாத்தானே ஓட்டுறான்? பனியப் பாத்துப் பயந்துட்டியா?"

அவளே தன் மேசைப் பொத்தானை அழுத்தினாள். "பாஸ்தியன், உள்ள வந்துடு."

"கேக்கல!"

"உள்ள வாடா!"

"கேக்கல அக்கா!"

நேர்ப்பாதை முடிந்தது. வளைவில் ஓட்டுநரிடம் யாரும் பேசுவதில்லை. அங்கே ஒரு கணம் கவனம் சிதறினால் போதும். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லித்தருவதே அதைத்தான். கையைப் பொத்தானிலிருந்து எடுத்தாள்.

காட்டு வளைவு.

"இங்கதான், அக்கா."

தாங்க முடியவில்லை. அழுத்தினாள். அலறினாள்.

"நிறுத்துடா!"

அந்த ஒரு தடவை மட்டும் அது போய்ச் சேர்ந்தது.

"என்ன—?"

சிவப்பு விளக்கு தடுமாறியது. சுவர். ஹெட்போனில் இன்ஜின் நின்றுபோனது.

எல்லோரும் ஓடினார்கள். அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. திரையில், பிய்ந்து போன ஸ்டீயரிங் ஈரப் புல்லில் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் யாருமில்லை.

மேசையில் பச்சை விளக்கு எரிந்தது.

"இப்பத்தான் நல்லாக் கேக்குது. பேசு, அக்கா."

விளக்கு அணையவில்லை.