கிரகணத்து ஊசி

“யோவ்! கண்ணு தெரியல?”

ஆவடி ஸ்டேஷன் மாடிப்படியில், கொட்டுகிற மழையில், அவர்கள் காதல் இப்படித்தான் ஆரம்பித்தது. அது காதல் என்று அப்போது இரண்டு பேருக்குமே தெரியாது, பாவம்!

மதிவதனியின் கையிலிருந்த, பள்ளிப் பெயர் எழுதிய அட்டைப்பெட்டி சரிந்து, உள்ளே இருந்த களிமண் பொம்மை ஒன்று படியில் விழுந்து நசுங்கியது. மோதியவன் பதறிப்போய் எடுத்தான். சட்டையில் துடைத்தான். அதோடு விட்டிருக்கலாம்... இடது கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு, வலது கையால் பொம்மையைக் கிள்ளிக் கிள்ளி என்னவோ செய்து, பெருமையாக நீட்டினான்.

“இந்தாங்க மேடம். கையில விரலே வைக்காம உட்டுட்டீங்க. நானே அஞ்சு விரல் வச்சிட்டேன்.”

“ஐயோ! அது அஞ்சாவது வாரத்துக் கருங்க! அதுக்கு விரலே இருக்கக் கூடாது! நாளைக்கு ஸ்கூல்ல கண்காட்சி... இப்படிக் கெடுத்துட்டீங்களே!”

கோபத்தில் அவள் கண்கள் இன்னும் பெரிதாயின. இமையில் ஒரு மழைத்துளி தொங்கியது. உதயகுமார், திட்டு வாங்குவதையே மறந்து, அந்தத் துளி விழுமா விழாதா என்று பார்த்துக்கொண்டு நின்றான்...

இரண்டு பேரும் திருநின்றவூர்தான் போக வேண்டும். ஒரே பெட்டி. எதிரெதிர் சீட். அவள் அங்கே தனியார் பள்ளியில் உயிரியல் டீச்சர். அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். ரயில் கிளம்பியதும் அவள் பொம்மையின் விரல்களை அழிக்க ஆரம்பித்தாள்.

“விரல் இல்லாத கையா? இன்னா டீச்சர், காது குத்துறீங்களா?”

“முதல்ல தோள் பக்கத்துல மொட்டு மாதிரி முளைக்குங்க. அப்புறம் நுனி தட்டையாகி, துடுப்பு மாதிரி ஆகும். உள்ள குருத்தெலும்பு உருவாகும்... பின்னாடி அதுதான் எலும்பா கெட்டிப்படும். சதை வந்து சேரும். மேல மெல்லிசா தோலு. கடைசியில, விரலுக்கு நடுவுல இருக்குற செல் எல்லாம் தானா செத்துடும். அப்பதான் விரல் பிரியும்.”

“ஓ... அப்ப எனக்கு மட்டும் சாவ வேண்டியது சாவல.”

பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்துக் காட்டினான். நடுவிரலும் மோதிர விரலும் நகம் வரை ஒட்டியிருந்தன. களுக்கென்று சிரித்துவிட்டாள் அவள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவனோ அவளைவிட உரக்கச் சிரித்தான்! என்ன மனுஷன் இவன் என்று நினைத்தாள் மதி. மனசுக்குள் ஏதோ இளகியது.

“நான் வயித்துல இருக்கசொல்ல, கிரகணத்தன்னிக்கு எங்கம்மா ஊசி எடுத்து ஜாக்கெட் தெச்சிச்சாம். புள்ள விரலையும் சேத்து தெச்சிட்டேன்னு இன்னி வரைக்கும் அழுவுது. பொண்ணு பாக்கப் போற எடத்துலல்லாம் அதத்தான் குத்திக் காட்றாங்க. எங்கம்மா தலைய குனிஞ்சிக்கினு நிக்கும். போதும்பா, எனக்குக் கல்யாணமே வாணாம்னுட்டேன்.”

“ஊசியால விரல் ஒட்டுமா? சுத்த மூடநம்பிக்கைங்க இது! அவங்களக் கூட்டிட்டு வாங்க, நான் புரிய வைக்கிறேன்.”

அவன் முகம் சட்டென்று மாறியது.

“ஊசியால இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு டீச்சர். எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றதுக்கு இன்னொரு ஆளு வாணாம்.”

திருநின்றவூரில் இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். திமிரைப் பாரேன் என்று முணுமுணுத்தாள் அவள். ஆனால் தப்பு தன் மேல்தான் என்று அவளுக்கே தெரிந்தது. அந்த அம்மாவிடம் இதுவரை எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்... யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

மறுநாள் கண்காட்சி. வாசலில் அவன்! கூடவே அவன் அம்மா நாகவல்லி. முந்தின நாள் வீட்டில் அவன் எரிச்சலோடு ரயில் கதையைச் சொல்லப் போக, பார்த்தே தீருவேன் என்று அந்த அம்மாள்தான் பிடிவாதமாக இழுத்து வந்திருந்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்படியும் ஒரு நொடி... கண்ணும் கண்ணும் சந்தித்துவிட்டன.

மதி இந்த முறை பாடம் எடுக்கவில்லை.

“அம்மா, கிரகணத்தன்னிக்கு உங்களுக்கு எத்தனாவது மாசம்?”

“மறக்குமா கண்ணு? அதுக்கு மின்ன வாரந்தான் வளகாப்பு. ஏழாவது மாசம். கை நெறைய வளையலு... ஊசி கோக்கசொல்ல கலகலன்னுச்சு. அந்த சத்தம் இன்னும் என் காதுல கீது.”

ஏழாவது மாதம்! மதி, மேசையில் வரிசையாக இருந்த கரு பொம்மைகளில் கடைசியை எடுத்து நாகவல்லியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“இது ரெண்டு மாசத்துக் கரு, அம்மா. விரல எண்ணுங்க.”

“ஒண்ணு... ரெண்டு... அஞ்சு. அஞ்சும் தனித்தனியா கீதே!”

“விரல் பிரியற வேலையே இதோட முடிஞ்சிடும். உங்க பையனுக்குப் பிரியாம நின்னுபோனதும் அப்பதான். மசக்கையில படுத்துக் கிடந்திருப்பீங்களே, அந்த நாள்ல. நீங்க ஊசி எடுக்கறதுக்கு எத்தனையோ மாசம் முன்னாடியே அது நடந்து முடிஞ்சிடுச்சும்மா.”

“அப்ப... யாரு பண்ணது?”

“யாருமே பண்ணல. சில பேருக்கு வம்சத்துல வரும். சில பேருக்கு தானா அமையும். நீங்க பண்ணல.”

நாகவல்லி அந்தச் சின்னக் கையையே பார்த்தாள். அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம், ஹாலே திரும்பிப் பார்த்தது!

“டேய் உதயா! நான் பண்லடா! நான் பண்லயாம்டா!”

மகனின் இடது கையை இழுத்து, ஒட்டிய விரல்களில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. அடுத்த நிமிஷம் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய், வந்திருந்த பெற்றோர்களை நிறுத்தி நிறுத்தி, “இங்க பாரும்மா, ரெண்டு மாசத்துலயே விரல் வேல முடிஞ்சிடுது!” என்று விளக்க ஆரம்பித்துவிட்டாள். தலைமையாசிரியையும் தப்பவில்லை.

வராந்தாவில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். வெளியே மறுபடி மழை...

“சாரி டீச்சர். நேத்து ஓவரா பேசிட்டேன்.”

“நானும்தான். கேட்காமலே பேசிட்டேன்.”

“ஒரு டவுட்டு.”

“கேளுங்க.”

“வம்சத்துல வரும்னீங்களே... நம்ம புள்ளைக்கும் இப்டி வந்தா?”

“யாரு... யாரு புள்ளைக்கு?”

அவன் காது இரண்டும் சிவந்துபோயின. வாயை விட்டாயிற்று, இனி மறைத்து என்ன பயன்?

“நம்ம புள்ளைக்குத்தான்! நேத்துதான் பாத்தோம், அதுக்குள்ள இன்னாடான்னு திட்டிக்கோங்க. உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு.”

அவள் திட்டவில்லை. உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“வந்தா வரட்டும். அதுவும் நம்ம புள்ளதானே? ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குப் பொண்ணு கேக்க வாங்க. ஆனா ஒண்ணு... உங்கம்மாதான் பேசணும். எங்கப்பா விரலப் பத்திக் கேட்டா, இப்ப அங்க சொல்லிட்டு இருக்காங்களே, அதே சத்தத்துல சொல்லணும்.”

“நீங்க... இன்னா சொல்றீங்க?”

“எனக்கும் உங்கள ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்றேன்!”