பத்தாவது அதிர்வு

கணினி ஒன்பது அதிர்வுகளைக் கண்டுபிடித்திருந்தது. பத்து இருக்க வேண்டும் என்றது சரிபார்ப்புக் கணக்கு.

கட்டடங்கள் எந்தெந்த விதங்களில் அதிரும் என்று கணக்குப் போடுவதுதான் அவன் பிழைப்பு. இந்த முறை சொந்த வீடு. மகள் படியில் விழுந்து இறந்த பிறகு பூட்டிக் கிடக்கும் மாடி அறையில், சாயங்காலமானால் தொம் தொம்மென்று சத்தம். அதைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கும் மனைவி வீட்டை விட்டு வர மறுத்தாள். தெருவில் போகும் லாரிக்குத் தரை அதிர்கிறது, அவ்வளவுதான் என்று காட்டிவிட்டால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். அதற்காகவே வீட்டை ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரித்துக் கணினிக்குள் கட்டியிருந்தான்.

வெளியே மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருக்க, ஈரச் சுவரின் வாடையோடு குழந்தைப் பவுடரின் மணமும் மாடியிலிருந்து மெல்ல இறங்கி வந்து அவன் நாற்காலியைச் சுற்றி நின்றது.

ஒன்று விடுபட்டது ஏன் என்று அவனுக்குத் தெரியும். கணினி தேடலைத் தொடங்க, வீட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் உத்தேசமாக ஓர் அசைவைக் கொடுக்க வேண்டும். மாடி அறைக்கு மட்டும் பூஜ்யம் போட்டிருந்தான். அங்கே எதுவும் அசைவதாக நினைக்கக்கூட மனம் வரவில்லை. தொடக்கத்தில் துளியும் இல்லாதது கணக்கு எத்தனை சுற்றுப் போனாலும் அகப்படாது.

பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே மிகச் சிறிய எண் ஒன்றைக் கொடுத்தான்.

பத்தாவது அதிர்வு திரையில் அசையும் படமாக வந்தது. வீடு முழுக்க அசையாத நீலம். அந்த அறையின் தரை மட்டும் எழும்பி எழும்பித் தாழ்ந்தது. நடுவில் இரண்டு சிவப்புத் திட்டுகள். அருகருகே. குழந்தைப் பாத அளவில்.

தொம். தொம். மேலேயும் அதே தாளம். தெருவில் லாரி இல்லை.

படத்தை நிறுத்தினான். மாடியில் சத்தமும் நின்றது.

"ஏங்க நிறுத்தினீங்க?" மனைவி எப்போது பின்னால் வந்து நின்றாளோ. "குதிச்சிட்டிருந்தாளே."

அவன் அவள் கையைப் பிடித்தான். "அவ இல்லம்மா. போயிட்டா."

அவள் திரையைக் காட்டினாள். நிறுத்திய படத்தில் திட்டுகள் நடுவில் இல்லை. அறை வாசலில் இருந்தன, படிகள் தொடங்கவேண்டிய விளிம்பில். படிகளை அவன் வரையவே இல்லை. அவனால் முடியவில்லை.

மேலே பூட்டு கழன்றது.

முதல் படி முனகியது.

"மெதுவா இறங்கு செல்லம்," என்றாள் மனைவி. "விழுந்துடாத."

இன்னொரு படி. இன்னொன்று. அவன் திரும்பவில்லை. கடைசிப் படியும் முனகி அடங்கியது. பிறகு, வேலை நேரத்தில் எப்போதும் இழுப்பதுபோலவே, கீழிருந்து ஒரு சின்னக் கை அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தது.