ஒன்பது மணி மழை

எல்லோரும் சௌக்கியமா? இருமல், முழங்கால் வலி எல்லாம் எப்படி இருக்கிறது? இங்கே பாபிண்டா என்கிற இந்தக் கரும்பு ஊரில் பதினோரு நாளாக மழை விடவில்லை. துவைத்த துண்டு காயாமல் நாறுகிறது, செருப்புக்குள் பூஞ்சை பூத்திருக்கிறது. மற்றபடி குறையில்லை. போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன் சொல்கிறேன் என்று இழுத்தடித்துவிட்டேன், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். பகலில் படித்தால் பயமிருக்காது என்று மட்டும் நினைக்காதீர்கள். இது நடந்ததே காலையில்தான்.

பலகை சூடாக இருந்தது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த ஜனீன் அதன் மேல் வைத்த விரலை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். கொதிக்கிற சூடு இல்லை. ஆள் எழுந்துபோன நாற்காலியில் மிச்சமிருக்குமே, அந்தச் சூடு. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கதவு கழற்றித் தரையில் கிடந்தது. உள்ளே அந்தப் பச்சைப் பலகையின், மதர்போர்டின், ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஈரப் புல்லின் வாசனை வந்தது.

"என்ன கண்ணு, பாம்பு கீம்பு உள்ள படுத்திருக்கா?" அடுக்களையிலிருந்து அந்த வீட்டு ஐரிஸ் கேட்டாள். எழுபத்தெட்டு வயது. விரல்கள் முடக்குவாதத்தில் இஞ்சிக் கிழங்கு மாதிரி கோணிப் போனவை.

"பாம்பு இல்ல ஐரிஸ். இதுக்குக் கரண்டு குடுத்தீங்களா?"

"நானா? என் வீட்டுக்காரர் டெஸ் போன அன்னைக்குப் பிடுங்கிப் போட்டதுதான். மூணு வாரம் ஆச்சு. அவர் அங்க புல்லுல விழுந்தாரு, இது இங்க பொட்டுனு அணைஞ்சுது. ரெண்டும் பேசி வச்ச மாதிரி."

மேலே கேட்க ஜனீனுக்குத் தெம்பில்லை. ஐம்பத்து நாலு வயதில், இருபது வருஷமாக மற்றவர்கள் வீட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து இடுப்பு போய்விட்டது. கடையை மூடிச் சாவியைக் கொடுத்தாகிவிட்டது. ஐரிஸ் வீடுதான் கடைசி வேலை. வெளியே அவளுடைய காரில் இரண்டு பெட்டி, ஒரு தலையணை, பின்னி முடித்த ஒரு சின்ன மஞ்சள் கம்பளி. தெற்கே டவுன்ஸ்வில் நகரத்தில் மகள் ஹோலிக்கு நாளை விடியற்காலையில் வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுக்கப் போகிறார்கள். ஹோலிக்குப் பக்கத்தில் வேறு ஆளில்லை. 'அம்மா, நீ கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் உள்ள போவேன்' என்று சொல்லியிருந்தாள். மத்தியானத்துக்குள் கிளம்பாவிட்டால் ஆற்று வெள்ளம் ஏறிவிடும், நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுத் தரட்டுமா? அதுதான் சுத்தமான வழி. அவர் ஃபைல் எல்லாம் தனியா எடுத்து வச்சிடறேன்."

ஐரிஸ் வாசல்படிக்கு வந்து நின்றாள். "வேண்டாம். ஒண்ணைக்கூட அழிக்காதே. உடம்பு போச்சுன்னா போகட்டும், வேற உடம்பு வை. உள்ள இருக்கறது அவர் விட்ட மாதிரியே எழுந்திரிக்கணும்."

"எந்திரிக்கும். ஆனா முரண்டு பிடிக்கும்."

"டெஸ் பிடிக்காத முரண்டா?" ஐரிஸ் சிரித்தாள். "நாப்பத்தொரு வருஷம் பிள்ளே. தினம் காலையில ஒன்பது மணி, பின்பக்கம் இறங்கிப் போய் மழைமானியைப் பார்ப்பாரு. இங்க வந்து பதிவாரு. ஒரு நாள் விட்டதில்ல. புயல்ல கூரை பறந்த அன்னைக்கும் சட்டியைத் தலையில கவுத்துக்கிட்டுப் போனாரு. திரும்பி வந்து, 'இத்தனை மில்லி, கிழக்கோழி'ம்பாரு. என்னை அப்படித்தான் கூப்பிடுவாரு, தடியன். இப்போ மூணு வாரமா மானி ரொம்பி வழியுது. நான் அந்தப் படியில இறங்கினா எலும்புதான் மிஞ்சும்."

"தேத்தண்ணி போடுங்க ஐரிஸ். சக்கரை வேண்டாம்."

ஜனீன் பையிலிருந்து மணிக்கட்டுப் பட்டையை எடுத்து இடது கையில் இறுக்கினாள். பட்டையின் உட்பக்கம் ஒரு சின்ன உலோக வில்லை தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதிலிருந்து சுருள் கம்பி ஒன்று போய் பெட்டியின் இரும்பைக் கவ்வும். உடம்பில் தேங்கிய மின்சாரம் பலகையைச் சுட்டுவிடக் கூடாதே, அதற்காக. இந்தத் தொழிலில் கை வைக்கிற எவருக்கும் முதல் நாள் சொல்வது இரண்டே விஷயம். திறக்கும்போது பட்டையைக் கட்டு. சுவிட்சைத் தட்டுமுன் அவிழ்.

பழைய பலகையின் திருகுகளைக் கழற்றினாள். ஒன்பது திருகு. ஒவ்வொன்றும் எளிதாக, எண்ணெய் போட்டதுபோல வந்தது. பலகையைத் தூக்கியபோது அடியிலிருந்து ஒரு சொட்டு நீர் தரையில் விழுந்தது. அவள் பார்த்தாள். துடைக்கவில்லை. புதுப் பலகையை வைத்தாள், கம்பிகளைக் கோத்தாள். டெஸ்ஸின் நினைவெல்லாம் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டினாள். தகரக் கூரையில் மழை ஓயாமல் கொட்டியது. அந்தச் சத்தத்துக்குள்ளே கண் தானாகச் சொருகியது. நான்கு நாளாகச் சரியான தூக்கமில்லை.

எட்டு நாற்பதுக்கு சுவிட்சைத் தட்டினாள்.

விசிறி சுழன்றது. திரை கறுத்து, பிறகு வெளுத்தது. இப்படி மாற்றிய பெட்டி எழுகிற விதமே தனி. மயக்கம் தெளிகிறவர் கட்டிலைத் தடவுகிற மாதிரி, தன்னைச் சுற்றி என்ன இருக்கிறதென்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். திரை மூலையில் வரிகள் வந்தன. புதிய கீபோர்டு கிடைத்தது, தயார். புதிய ஒலிச் சாதனம் கிடைத்தது, தயார். ஜனீன் சாதனப் பட்டியலைத் திறந்தாள். பழைய பலகையோடு போனவையெல்லாம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தன. பெட்டி அவற்றைத் தூக்கி எறிவதில்லை. இருந்தவை, இனி இல்லாதவை என்று மங்கலாக வைத்துக்கொள்ளும். நேரம் இருந்தால் அவள் ஒவ்வொன்றாக நீக்குவாள். இன்றைக்கு நேரமில்லை.

மூலையில் இன்னொரு வரி.

பெயரில்லாத சாதனம் கிடைத்தது.

பின்பக்கம் குனிந்து பார்த்தாள். கீபோர்டு, மவுஸ், திரை. வேறெதுவும் மாட்டவில்லை.

பெயரில்லாத சாதனம் தயார்.

இடது கைச் சுண்டுவிரல் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது.

நரம்பு இழுத்திருக்கும். தூக்கமில்லாத உடம்புக்கு இதெல்லாம் சகஜம். அவள் கையை உதறினாள். அப்போது, யாரும் தொடாமலே, டெஸ்ஸின் மழைப் பதிவேடு திரையில் விரிந்தது. தேதி, நேரம், அளவு, குறிப்பு என்று நான்கு கட்டங்கள். டெஸ் சுருக்கமாக எழுதுகிறவர். 'தூறல். தவளைச் சத்தம்.' 'கரும்பு ரயில் தாமதம்.' அவர் இறந்த நாளோடு அது நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை.

இருபத்தொரு நாளும் நிரம்பியிருந்தது. ஒவ்வொரு நாளும் ஒன்பது மணி. அளவுக் கட்டம் காலி. குறிப்பு மட்டும்.

'புல் ஈரம்.'

'எழ முடியவில்லை.'

'மானி வழிகிறது. கை இல்லை.'

'அவள் கூப்பிடுகிறாள். வாய் இல்லை.'

அணைந்து கிடந்த பெட்டி. பிளக் பிடுங்கிய பெட்டி. மூன்று வாரம். ஜனீன் மவுஸ் சக்கரத்தை விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனாள். கடைசி வரி இன்றைய தேதி, நேரம் எட்டு நாற்பது.

'ஒரு பெண் வந்திருக்கிறாள். களைத்திருக்கிறாள். கையைக் கட்டிக்கொண்டாள்.'

அவள் மெதுவாகத் தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள்.

பட்டை அங்கேயே இருந்தது. சுருள் கம்பி பெட்டியின் இரும்பைக் கவ்வியிருந்தது. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட மறந்ததில்லை.

வலது கை பட்டையின் கொக்கியைத் தேடிப் போனது. இடது கை விலகிக்கொண்டது.

மறுபடி போனது. மறுபடி விலகியது. நிதானமாக. ஊசி போட வருகிறவரிடமிருந்து குழந்தை கையை இழுத்துக்கொள்வதுபோல.

"ஐரிஸ்..." என்றாள். குரல் மழையில் கரைந்தது.

பெயரில்லாத சாதனம் தயார். வலது முழங்காலில் ஒரு வலி வந்து உட்கார்ந்தது. அவளுக்கு வலிப்பது இடுப்புதான். முழங்கால் வலி அவளுடையதில்லை. கரும்பு ரயிலிலிருந்து விழுந்து காலை இழுத்து நடந்த டெஸ்ஸுடையது.

பெயரில்லாத சாதனம் தயார். நாக்கில் புகையிலைச் சாறு கசந்தது. அவள் வாழ்நாளில் புகைத்ததில்லை.

பெயரில்லாத சாதனம் தயார். பல்லிடுக்கில் காற்று சீட்டியாக வந்தது. அவள் ஊதவில்லை.

காலால் கம்பியை உதைக்கப் பார்த்தாள். கால் தரையில் ஊன்றியபடி இருந்தது. கத்தப் பார்த்தாள். சீட்டிதான் வந்தது. ஏதோ பழைய நடன மெட்டு.

மேசையில் கைபேசி ஒளிர்ந்தது. ஹோலி.

எடு. எடு. ஒரே ஒரு விரல் போதும்.

திரை நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. எல்லாம் தயார். முடிக்க ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். இப்போதா? பிறகா?

பிறகு, என்று நினைத்தாள். மகளை நினைத்தாள். மஞ்சள் கம்பளியை நினைத்தாள். பிறகு. பிறகு.

அவளுடைய வலது கை மவுஸைப் பிடித்தது. அம்பு நகர்ந்தது.

இப்போது.

நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வரவில்லை.

இருட்டு. மழை இல்லை. சத்தம் இல்லை. ஈரப் புல் மட்டும், முகத்தில்.

பிறகு துடித்தது. தொடங்கியது.

கண் திறந்தது, அவள் திறக்கவில்லை. எங்கோ பின்னால், நீளமான குழாயின் அடியிலிருந்து பார்ப்பதுபோல அவள் பார்த்தாள். திரையில் சாதனப் பட்டியல். சாம்பல் நிறப் பெயர்களின் வரிசையில் கடைசியாக ஒன்று சேர்ந்திருந்தது. இருந்தது, இனி இல்லாதது. ஜனீன்.

பட்டையின் கொக்கியை வலது கை அவிழ்த்தது. இப்போது சுலபமாக அவிழ்ந்தது. கைபேசி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கை அதை எடுத்து, இதென்ன என்பதுபோல முன்னும் பின்னும் பார்த்து, முகம் கீழாகக் கவிழ்த்து வைத்தது.

சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தது.

அந்த உடம்பு எழுந்தது. வலது காலை இழுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து, எட்டுப் படியையும் பார்க்காமலே இறங்கி, நனைந்துகொண்டே புல்லைக் கடந்தது. வழிந்துகொண்டிருந்த மழைமானியைக் கவிழ்த்துக் கொட்டி மறுபடி நிறுத்தி வைத்தது. சற்று நின்றது. சேர்ந்ததைக் குனிந்து பார்த்தது. திரும்பி வந்தது.

ஐரிஸ் அடுக்களை மேசையில் காத்திருந்தாள். ஜனீனின் முடியிலிருந்து சொட்டிய நீர் தரையில் தேங்கியது. ஐரிஸ் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். இழுத்து வைத்த வலது காலை.

"எவ்வளவு?" என்றாள்.

ஜனீனின் வாய் திறந்தது.

"ரெண்டு மில்லி, கிழக்கோழி. இனிமே விடமாட்டேன்."

ஐரிஸ் கோணல் விரல்களால் சக்கரை டப்பாவை இழுத்து, கோப்பையில் ஒன்று, இரண்டு, மூன்று கரண்டி போட்டு, மெதுவாகக் கலக்கத் தொடங்கினாள். உள் அறையில் கவிழ்த்து வைத்த கைபேசி மறுபடி அதிர்ந்தது. அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புக்கு நகர்ந்தது. யாரும் திரும்பவில்லை.

ஹோலிக்குப் பெண் குழந்தையாம். அந்தக் கார் இன்னும் பக்கத்து வீட்டு வாசலில்தான் நிற்கிறது. பின்சீட்டில் மஞ்சள் கம்பளி பூஞ்சை பிடித்துக் கறுத்துவிட்டது. உங்கள் பக்கம் யாராவது இப்படிப் பலகை மட்டும் மாற்றி, உள்ளே இருந்ததை அப்படியே எழுப்பியதுண்டா? எழுந்தது என்ன? மறைக்காமல் எழுதுங்கள். நான் உடனே படிப்பேன், காலை ஒன்பது மணிக்கு மட்டும் முடியாது. அந்த நேரத்தில் ஜன்னலோரம் நின்றுவிடுகிறேன். சீட்டி முதலில் வரும். பிறகு ஈரப் புல்லில் ஒரு கால் இழுபடும் சத்தம். மானிக்குப் பக்கத்தில் அவள் குனியும்போது இடது கைச் சுண்டுவிரல் மட்டும் தனியாக, யாரையோ கூப்பிடுவதுபோல, மடங்கி நிமிர்கிறது.