இறுக்கிப் பின்னிய சடை

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா, "போய் வேலையைப் பாருங்க"ன்னு விரட்டுற ஆளு நான். இன்னிக்கும் அப்படித்தான். ஆனா இதை மட்டும் எதுல சேர்க்கறதுன்னு எனக்குத் தெரியலை.

பொண்ணுங்க காலேஜுக்குப் போறதையே அதிசயமாப் பேசின காலம். ஒரு மழை நாள்ல டிரங்குப் பெட்டியோட ஹாஸ்டல்ல போய் இறங்கினேன். பழைய கட்டடம். சுவரெல்லாம் ஓதம் ஏறி, எந்தப் பக்கம் திரும்பினாலும் காயாத துணி வாடை. என் அறையில ஒருத்தி எனக்கு முன்னாடியே நல்ல கட்டிலாப் பார்த்துப் பிடிச்சிருந்தா. நெட்டைங்கிறதால எல்லாருக்கும் அவ கொக்கு. அவ அப்பா அச்சாபீஸ்ல எழுத்துக் கோக்கறவர். பொண்ணுக்கு எதுக்குப் படிப்புன்னு குதிச்ச சித்தப்பாங்களை எதிர்த்து அவளை அனுப்பியிருந்தார்.

"ஒரு பேப்பர் போச்சுன்னாலும் என் படிப்பு அவ்வளவுதான்டி. மாப்பிள்ளையை ரெடியா வெச்சிருக்காங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவா.

காலையில மாடிப்படியில வரிசையா உட்காருவோம். மேல இருக்கறவ கீழ இருக்கறவளுக்குச் சடை பின்னணும். உச்சிப்படி கொக்குக்கு. அவ முதுகுக்குப் பின்னாடி, மொட்டைமாடி வாசலை அடைச்சுக் கட்டின சுவர்தான். எனக்குப் பின்னி முடிச்சுட்டு அவ சடையை அவளே பின்னிக்குவா.

ஒரு நாள் தற்செயலாத் திரும்பினேன். அவ கை ரெண்டும் என் தலையில இருக்கு. விரிச்சுப் போட்டிருந்த அவ முடி, சடையாத் தொங்குது.

"உனக்கு யாருடி பின்னிவிட்டா?"

"விளையாடாதே. நான் இன்னும் சீப்பையே எடுக்கலை."

தொட்டுப் பார்த்தா. சடை ஈரமா இருந்துச்சு.

அப்புறம் தினமும் அதே கதை. அவிழ்த்துட்டு முகம் கழுவி வர்றதுக்குள்ள மறுபடியும் பின்னியிருக்கும். நாளுக்கு நாள் இறுக்கம் கூடுச்சு. நெத்தித் தோல் இழுபட்டுக் கண்ணு மேல ஏறிப்போச்சு. தலையைக் குனிய முடியலை, பாவம். அவ படிக்கறதுக்கு நான் புத்தகத்தை முகத்துக்கு நேராத் தூக்கிப் பிடிப்பேன். வார்டன்கிட்ட அழுதோம். "பரீட்சைன்னா போதுமே, உங்களுக்கெல்லாம் தலைவலி வந்துடுமே"ன்னு கிண்டல் பண்ணி அனுப்பிட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே!

எவ வர்றான்னு பார்த்துடறேன்னு மறுநாள் நானே உச்சிப்படியில, சுவரோட ஒட்டி உட்கார்ந்தேன். கொக்கை எனக்கு முன்னாடி உட்கார வெச்சுத் தளரப் பின்ன ஆரம்பிச்சேன்.

பாதிச் சடையில, என் விரலுக்கு நடுவுல வேற விரல்.

சில்லுனு.

கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. பின்னத் தெரியாத குழந்தை கையை அம்மா ஒதுக்கற மாதிரி என் கையை மெதுவா ஒதுக்கிட்டு, அது பாட்டுக்குப் பின்னிக்கிட்டே போச்சு.

"வலிக்குதுடி... விடுடி..."

நான் என் ரெண்டு கையையும் அவ முகத்துக்கு முன்னாடி நீட்டிக் காட்டினேன்.

அன்னிக்கே தையல் கத்தரிக்கோலை எடுத்து அவ சடையைக் கழுத்துக்கிட்ட வெட்டினேன். அன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினா. விடியும்போது கட்டில்ல இருந்து அலறல். பின்ன முடி இல்லாததால, அது வேரைப் பிடிச்சு இழுத்திருக்கு. தலகாணியெல்லாம் ரத்தம்.

அவ அப்பா வந்து, போர்வையில சுத்திக் கூட்டிட்டுப் போனார். வண்டி பின்னாடியே கேட் வரைக்கும் ஓடினேன். வேற என்னத்தைச் செய்ய? அந்த வருஷப் பரீட்சையை அவ எழுதலை.

எத்தனையோ வருஷம் கழிச்சு, அவ தம்பி வீட்டுல அவளைப் பார்த்தேன். கல்யாணம் பண்ணிக்கலை. முடியை ஒட்ட வெட்டியிருந்தா.

"ஹாஸ்டலை விட்டதோட அது என்னை விட்டுடுச்சுடி"ன்னா.

தம்பி மகளைக் காலேஜ்ல சேர்க்கப் போறாங்களாம். தம்பிகிட்ட மல்லுக்கட்டிச் சம்மதிக்க வெச்சது இவதான். "எனக்குத்தான் கொடுத்து வைக்கலை, அவளாவது படிக்கட்டும்"னு சொல்லும்போதே அழுதுட்டா. எனக்கும் தாங்கலை. அவ கை ரெண்டையும் என் கைக்குள்ள வெச்சுக்கிட்டேன்.

அந்தப் பொண்ணு தலைக்குக் குளிச்சுட்டு, விரிச்ச முடியோட வந்து, எங்களுக்கு முதுகு காட்டி அத்தை காலடியில உட்கார்ந்தா. நாங்க பாட்டுக்குப் பழைய கதை பேசிக்கிட்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்துல, திரும்பாமலே அவ சொன்னா.

"அத்தை, இவ்வளவு இறுக்காதீங்க. வலிக்குது."

கொக்கோட கை ரெண்டும் இன்னும் என் கைக்குள்ளதான் இருந்துச்சு.