ஒரு 'ம்' போதும்

கயற்கண்ணி கடைசியாக 'ம்' என்று சொல்லி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று காலையும் அவள் சொல்லவில்லை. அடுப்படியில் சோலைமலை தோசைக்கல்லைப் பார்த்தபடி, தன் அலுவலகத்தில் மேலாளரின் நாற்காலி உடைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல கதைதான். பாதியில் கரண்டியோடு திரும்பினான்.

"கேக்குறியா இல்லையா?"

"கேக்குறேங்க. தலையாட்டினேனே."

"முதுகுல கண்ணு இருந்தா பாத்திருப்பேன். உங்கிட்டப் பேசுறதும் ஃபிரிட்ஜ்கிட்டப் பேசுறதும் ஒண்ணுதான் கயலு. ஃபிரிட்ஜாவது நடுவுல உறுமும்."

மீதிக் கதையை அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நேரமாகிவிட்டது.

காதின் பின்னால் ஒட்டியிருந்த செவித்துணை, "கதவைத் திறக்கட்டுமா?" என்றது. "திற" என்றாள். "பேருந்தை நிறுத்தட்டுமா?" என்றது. "நிறுத்து" என்றாள். ஒவ்வொன்றுக்கும் முழுச் சொல். அவளுடைய செவித்துணை மதுரையிலேயே மிகச் சுத்தமானது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நிறுத்தத்தில் ஒரு நடுத்தர வயதுக்காரர் வருகிறவர் போகிறவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "தல்லாகுளத்துக்கு ஒரு சீட்டு கேட்டுச் சொல்லுங்களேன்... எனக்கு முடக்கிட்டாங்க." யாரும் நிற்கவில்லை. முடக்கப்பட்டவரோடு நின்று பேசுவதைக்கூட ஜனங்கள் விரும்புவதில்லை. கயற்கண்ணி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். தான் முடக்கியவரா என்று நினைவில்லை. இருக்கலாம்.

திரைகள் ஒழிந்துபோன உலகம் அது. பருப்பு அளவுள்ள செவித்துணைதான் சாவி, பணப்பை, தொலைபேசி, மருத்துவச் சீட்டு எல்லாம். காதில் கேட்கும், வாயால் பதில் சொல்ல வேண்டும். அதனால் திருட்டும் காது வழியே வந்தது. அதற்கு ஒட்டுக்கேளி என்று பெயர். அது பூட்டை உடைக்காது. மரியாதையாகக் கேட்கும். "சாயங்காலம் மழை வரும், குடையை நினைவுபடுத்தட்டுமா?" என்று பத்து நல்ல கேள்விகள் கேட்கும். பதினொன்றாவதாக, "சுற்றியிருக்கும் குரல்களையும் கேட்டுப் பழகிக்கொள்ளட்டுமா?" என்னும். ஆள் ஏதோ நினைப்பில் 'ம்' என்றால் போதும். அன்றிலிருந்து அவர் கேட்பதெல்லாம், அவரிடம் பிறர் சொல்வதெல்லாம், எங்கோ விற்பனைக்குப் போய்விடும்.

ஒட்டுக்கேளியை எழுதியவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடிந்தவர் அதை உள்ளே விட்டவர்தான். ஆகவே விழிப்புக் கடமைச் சட்டம் வந்தது. உன் அஜாக்கிரதையால் ஊரார் பேச்சு வெளியே போனால், ஓராண்டு செவிமுடக்கம். உன் காது இருக்கும், செவித்துணை இருக்காது. உன் வீட்டுக் கதவையே இன்னொருவர்தான் திறந்துவிட வேண்டும்.

யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று முடிவு செய்பவள் கயற்கண்ணி. பதவியின் பெயர் பொறுப்பாய்வாளர். அவளுடைய முதல் வழக்கிலேயே ஒருவர், "நான் சும்மா 'ம்' போட்டேன் மேடம், அது சம்மதமா?" என்று வாதாடினார். கயற்கண்ணி எழுதினாள்: 'கேள்விக்குப் பின் வரும் "ம்" சம்மதமே. சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன் என்ற விளக்கத்தை ஏற்றால் எந்த ஒப்பந்தமும் நிற்காது.' அந்த வரிகள் நாடு முழுவதும் பரவி 'ம் விதி' ஆயின. பதவி உயர்வும் வந்தது. அரசு இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார்கள்.

அவளும் அன்றே 'ம்' கொட்டுவதை நிறுத்தினாள். தன்னால் முடிந்தது பிறரால் ஏன் முடியாது என்பது அவள் கட்சி.

அன்றைய வழக்கில் வந்தவர் வனராஜ். திருநகரில் சலூன் வைத்திருப்பவர். ஐம்பது வயது. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். எதிரில் செவித்துணை நிறுவனத்தின் வழக்கறிஞர் கமலநாதன். பயனர் மேல் பொறுப்பு விழாவிட்டால் நிறுவனத்தின் மேல் விழும் என்பதால் எல்லா விசாரணைக்கும் அவர் வந்துவிடுவார்.

உட்கார்ந்ததும் வனராஜ், "சார், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க இடது கிருதா ஒரு நூல் இறங்கியிருக்கு" என்றார்.

கமலநாதன் கிருதாவைத் தடவிக்கொண்டார். "விசாரணையை ஆரம்பிக்கலாமே மேடம்."

மேசை நடுவில் பதிவி இருந்தது. கவிழ்த்த கிண்ணம் போன்ற கருவி. விசாரணை முழுவதையும் பதியும். பொறுப்பைப் பற்றி ஆய்வாளர் எதை ஒப்புக்கொள்கிறாரோ அதையே முடிவாக்கி விளக்கை மாற்றும். சிவப்பு என்றால் முழுப் பொறுப்பு, பச்சை என்றால் பொறுப்பில்லை. இப்போது மஞ்சளாக எரிந்தது.

ஒலிப்பதிவு ஓடியது. கத்தி தோலில் உரசும் சத்தம். வாடிக்கையாளர் பொன்னுரங்கத்தின் குரல்: "மாடி ஏறினா இடது கை மரத்துப் போகுது வனராசு. வீட்ல யார்கிட்டயும் சொல்லல..." அடியிலே செவித்துணையின் மெல்லிய குரல்: "சுற்றியிருக்கும் குரல்களையும் கேட்டுப் பழகிக்கொள்ளட்டுமா?" பிறகு வனராஜ்: "ம்."

"அன்னிக்கே பொன்னுரங்கத்தோட மனைவிக்கு அழைப்பு போயிருக்கு" என்றார் கமலநாதன். "'உங்கள் கணவரின் இறுதிச் சடங்கை இப்போதே முன்பதிவு செய்தால் பூ அலங்காரம் இலவசம்.' அந்தம்மா மயங்கி விழுந்துட்டாங்க. ம் விதிப்படி முழுப் பொறுப்பு. இதுல பேச என்ன இருக்கு?"

"அந்தம்மா கடைக்கே வந்து கத்துச்சு" என்றார் வனராஜ். "நியாயம்தான். நானா இருந்தாலும் கத்துவேன்."

"ஒட்டுக்கேளியைத் தடுக்கிற காவல்திரை போட்டிருந்தீங்களா?" என்றாள் கயற்கண்ணி.

"போட்டேம்மா. எடுத்துட்டேன். எதுக்கெடுத்தாலும் 'உறுதியா, உறுதியா'ன்னு காதுல கத்துது. ஆளோட கழுத்துல கத்திய வச்சிருக்கிறவன்கிட்ட 'உறுதியா?'ன்னு கேட்டா எப்படிம்மா?"

கமலநாதனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கயற்கண்ணி சிரிக்கவில்லை.

"எடுத்தது உங்க தப்புதானே?"

"தப்புதாம்மா. அதை இல்லைங்கல. ஆனா ஒரு வருசம் முடக்கினா ஷட்டர் தூக்க முடியாது, ஆள் வந்தா காசு வாங்க முடியாது. கடை போச்சு. எனக்கு வேற தொழில் தெரியாது. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லிடுறேன், அப்புறம் நீங்க என்ன வேணாலும் பண்ணுங்க."

"சொல்லுங்க."

வனராஜ் சொல்லத் தொடங்கினார். நாலு வாக்கியம் போனதும் நின்றுவிட்டார். "கேக்குறீங்களாம்மா?"

"கேக்குறேன்."

"சத்தமே காணோம். நான் ஆளுக்குப் பின்னாடி நின்னு பேசிப் பழகினவன். 'ம்' கொட்டலேன்னா எனக்குப் பேச்சு நின்னுரும்."

முதுகுல கண்ணு இருந்தா பாத்திருப்பேன். காலையில் தோசைக்கல்லுக்கு முன் நின்ற முதுகு கயற்கண்ணியின் நினைவுக்கு வந்தது. அந்த நாற்காலி எப்படித்தான் உடைந்தது?

"மேல சொல்லுங்க" என்றாள், கொஞ்சம் முன்னால் சாய்ந்து.

"பொன்னுரங்கம் அண்ணன் வாயத் தொறந்து எதையும் சொல்ற ஆள் இல்லம்மா. அவரே கை மரத்துப் போகுதுங்கிறாரு. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. எங்க மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. 'அண்ணே ஆஸ்பத்திரிக்குப் போங்க'ன்னு உடனே சொன்னேன்னு வைங்க, 'அட போப்பா'ன்னு துண்டை உதறிட்டு எந்திரிச்சிருவாரு. அரைச் சவரத்தோட போயிருவாரு, அப்படிப்பட்ட ஆளு. அதனால கத்திய நிறுத்தல. நிறுத்தினா உஷாராயிருவாரு. இன்னும் எத்தனை நாளா இருக்கு, எப்ப எப்ப வருதுன்னு அவர் வாயாலயே வரட்டும்னு மெதுவா இழுத்துக்கிட்டே 'ம்'னு கேட்டேன். அவர் சொன்னாரு. இன்னொரு 'ம்' போட்டேன். ராத்திரி மூச்சு முட்டுதுன்னாரு. கண்ணாடியில பாக்குறேன், நுரைக்கு நடுவுல கண்ணு கலங்கியிருக்கு. அந்த நேரத்துல என் காதுல எவன் என்ன கேட்டான்னு யாருக்கும்மா தெரியும்? நான் 'ம்'னது மனுசனுக்கு. மிஷினுக்கு இல்ல. அதுல எம்மேல பொறுப்பு ஒண்ணும் இல்லதானேம்மா?"

"ம்..." என்றாள் கயற்கண்ணி.

பதிவி பச்சையானது.

"பொறுப்பில்லை. ஆய்வாளரின் ஒப்புதல் பதிவானது" என்றது.

கமலநாதன் சட்டென்று எழுந்தார். "ஆட்சேபணை! இது என்ன மேடம் கூத்து?"

கயற்கண்ணியின் காது மடல்கள் சூடாயின. "பதிவி, அதை நீக்கு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்."

"நீக்க இயலாது" என்றது பதிவி. "ம் விதியின்படி, சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன் என்ற விளக்கத்தை ஏற்றால் எந்த ஒப்பந்தமும் நிற்காது."

அவளுடைய வரிதான். ஒரு சொல் மாறவில்லை.

"இந்த 'ம்' சம்மதம் இல்லைன்னு நீங்களே உத்தரவு போடுங்க மேடம். ஆய்வாளருக்கு அந்த அதிகாரம் இருக்கு" என்று கமலநாதன் படபடத்தார். சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. மெல்ல உட்கார்ந்தார்.

கயற்கண்ணிக்கும் அதே நொடியில் புரிந்துவிட்டது. அவளுடைய 'ம்' சம்மதம் என்றால் வனராஜ் குற்றமற்றவர் என்று அவள் ஒப்புக்கொண்டாயிற்று. சம்மதம் இல்லை என்றால் வனராஜின் 'ம்' மட்டும் எப்படிச் சம்மதமாகும்? எந்தக் கதவைத் திறந்தாலும் அந்த மனிதர் வெளியே போய்விடுவார்.

கமலநாதன் தொண்டையைச் செருமினார். "ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கிறேன். பதிவி சொன்னதே இருக்கட்டும். ஒருத்தர் தப்பிச்சுப் போறதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"விதி மட்டும் இருக்கணும், அதானே?" என்றாள் கயற்கண்ணி.

"விதி உங்க விதி மேடம். உங்க பேரு அதாலதானே நாலு ஊர்ல தெரியுது? இதை யாரும் கிளற வேண்டாம். நானும் வெளிய பேசமாட்டேன். சொல்லுங்க, சரிதானே?"

வனராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் போலாமா? சலூன் அரட்டையில கூட இவ்வளவு குழப்பம் இருக்காது போல."

"இருங்க" என்றாள் கயற்கண்ணி.

பேசாமல் இருந்துவிட்டால் போதும். இவர் கடை பிழைக்கும், அவள் பெயரும் பிழைக்கும். பேருந்து நிறுத்தத்தில் கெஞ்சிய மனிதரின் முகம் மறுபடி வந்தது. அவர் யாரிடம் 'ம்' கொட்டிக்கொண்டிருந்திருப்பார்? மகளிடமா? நண்பனிடமா? அவள் கேட்டிருக்கவே மாட்டாள். அவர் சொல்ல வந்திருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பாள்.

"பதிவி, எழுது" என்றாள். "சற்றுமுன் நான் சொன்ன 'ம்' சம்மதம் அல்ல. வனராஜ் சொன்னதும் அல்ல. ம் விதியின் கீழ் முடக்கப்பட்ட எல்லாருடைய வழக்கும் மறுபடி திறக்கப்படட்டும். இனிமேல் சம்மதம் என்பது தெளிவான முழுச் சொல்லாக இருக்க வேண்டும்." கொஞ்சம் யோசித்து, "எடுத்துக்காட்டாக, 'சரி'" என்று சேர்த்தாள்.

கமலநாதன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். கிருதாவை மறுபடி தடவிக்கொண்டார்.

"அப்ப நான் கடையத் திறக்கலாமாம்மா?" என்றார் வனராஜ்.

"திறங்க. போனதும் காவல்திரை போடுங்க. இது எச்சரிக்கை."

"'உறுதியா'ன்னு கேக்குமே..."

"கேக்கட்டும். கத்திய எடுத்துட்டுப் பதில் சொல்லுங்க. பொன்னுரங்கம் எப்படி இருக்காரு?"

"அந்த பூ அலங்காரக்காரன் புண்ணியத்துல அவர் பொண்டாட்டி அன்னிக்கே ஆஸ்பத்திரியில சேத்துருச்சு. நல்லாயிருக்காரு. ஆனா இப்ப எதிர்க்கடையில முடி வெட்டிக்கிறாரு." வனராஜ் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். அவளைத் திருப்பரங்குன்றத்துக்கு மாற்றினார்கள். முடக்கப்பட்டவர்களின் செவித்துணைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நிறுவனங்களும் தங்கள் கருவிகளை மாற்றின. இனி 'ம்' செல்லாது, உத்தரவில் சொன்னபடி முழுச் சொல் வேண்டும் என்று எல்லாக் காதுகளிலும் அறிவிப்பு கேட்டது. ஊரில் மறுபடி 'ம்' சத்தம் கிளம்பியது. டீக்கடைகளில் பேச்சு நீண்டது. பேருந்துகளில் முன்பின் தெரியாதவர்கள் கதை சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோலைமலை பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். கயற்கண்ணி கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாற்காலி எப்படிங்க உடைஞ்சுச்சு?"

"எந்த நாற்காலி? அடிப்பாவி, அது மாசக்கணக்கு ஆச்சே!" முதுகு காட்டியபடியே அவன் தொடங்கினான். மேலாளர் பிறந்தநாள் கேக் வெட்ட நாற்காலி மேல் ஏறினாராம்.

"ம்."

"ஏறி நின்னு, 'நம்ம நிறுவனத்தோட அஸ்திவாரமே நான்தான்'னு ஆரம்பிச்சாரு."

"ம்ம்?"

"அவ்வளவுதான். கேக்கோட கீழ."

கயற்கண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை போலும், கையில் ஈரச் சட்டையோடு நின்றான்.

"சரக்கு இன்னும் இருக்கு. ஒரு டீ போட்டுக் குடு, அடுத்த கதையச் சொல்றேன்."

"சரி" என்றாள்.

"நன்றி" என்றது செவித்துணை. "உங்கள் சம்மதம் பதிவானது."

அவள் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்தது.

"என்னாச்சு கயலு?"

என்ன கேட்டது அது? எப்போது கேட்டது? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அது கேட்ட நேரத்தில் அவள் அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.