கோபாசாவுக்கு ஒரு துண்டு வெயில்

கோபாசா ஒரு நாய். பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். இறைச்சியைக் கொத்தி, குடலில் அடைத்து, முழ நீளத்துக்குச் செய்கிற பண்டத்துக்கு லாரிசா என்ற சிறுமியின் வீட்டில் அந்தப் பெயர்தான். நாயும் அப்படித்தான் இருந்தது. நீள உடம்பு, குட்டைக் கால்.

அவ்வளவு நீள முதுகு வேலைக்கு ஆகாது. பிப்ரவரியில் ஒருநாள் சோபாவிலிருந்து குதித்தது. முதுகெலும்பில் ஏதோ நழுவி, பின்னங்கால் இரண்டும் நனைந்த துணி மாதிரி ஆகிவிட்டன.

சாஸ்கட்டூன் நகரத்தில் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் ஃப்ரீசன் என்ற அம்மாள் முதுகைத் திறந்து சரி செய்வதாகச் சொன்னார். தையலுக்குப் பதில் புதிதாக ஒரு பட்டை ஒட்டுவாராம். காயத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நீல விளக்கைக் காட்டினால் வலிக்காமல் தானே விட்டுவிடும். இன்னும் சோதித்துப் பார்க்கிற பட்டைதான். கோபாசா ஏழாவது நாய்.

லாரிசாவின் அப்பா ஸ்டெஃபான் கோதுமை லாரி ஓட்டுகிறவர். எதையும் சட்டென்று நம்ப மாட்டார்.

"ஏழாவதா? அப்ப மத்த ஆறும் என்னாச்சு?" என்றார்.

"நாலு நடக்குது. ரெண்டு இன்னும் நடக்கல," என்றார் டாக்டர்.

ஆறும் ஓடுகிறது என்று சொல்லியிருந்தால் அப்பா நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்திருப்பார். இப்படிச் சொன்னதால் கையெழுத்துப் போட்டார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். பத்து நாள் நாய் முதுகைத் திருப்பக் கூடாது. பட்டைமேல் வெயில் படக் கூடாது. வெயிலுக்குள்ளும் அந்த நீலம் இருக்கிறதாம். பட்டால் பட்டை முன்னாலேயே கழன்றுவிடும்.

இரண்டும் சேர்ந்து நடக்கவில்லை. வெளியே பூஜ்யத்துக்கும் முப்பது டிகிரி கீழே உறைகுளிர். சமையலறைத் தரையில் ஜன்னல் வழியாக விழும் ஒரு துண்டு வெயில்தான் கோபாசாவின் சொர்க்கம். அங்கே கிடந்தால் கல் மாதிரி தூங்கும். இருட்டு அறையில் விட்டால் அழும்; முன்னங்காலால் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வரும். மேலே துணி போட்டால் முதுகை முறுக்கிக் கடித்து எறியும்.

"இப்படியே முறுக்கிட்டிருந்தா இது நடந்த மாதிரிதான்," என்றார் அப்பா.

லாரிசா நாயின் காதைத் தடவியபடி யோசித்தாள். ஆஸ்பத்திரியில் பட்டை ஒட்டிய அறை அவளுக்கு நினைவுக்கு வந்தது. அங்கே விளக்கெல்லாம் மஞ்சள். ஜன்னல் கண்ணாடியிலும் மஞ்சள் தாள். டாக்டரின் வெள்ளைக் கோட்டுகூடத் தேன் நிறத்தில் இருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தாள். "டாக்டர், உங்க ஜன்னல்லயும் வெயில் அடிக்குமே. அங்க பட்டை ஏன் கழலல?"

மஞ்சள் தாள் நீலத்தை உள்ளே விடாது என்றார் டாக்டர்.

"அப்ப எங்க சமையலறை ஜன்னல்ல அதை ஒட்டினா?"

மிச்சத் தாள் ஒரு சுருள் கிடக்கிறது, வந்து வாங்கிக்கொள் என்றார் டாக்டர். அவள் கேட்டாள் என்று பட்டையிலும் இரண்டு துண்டு கொடுத்தனுப்பினார்.

லாரிசா உடனே நாயைத் தூக்கி வந்துவிடவில்லை. கெட்டிக்காரி. ஜன்னலில் பாதிக்குத் தாள் ஒட்டினாள். இரண்டு செருப்புப் பெட்டிகளில் பெட்டிக்கு ஒரு துண்டுப் பட்டை ஒட்டி, ஒன்றை வெறும் வெயிலிலும் ஒன்றை மஞ்சள் வெயிலிலும் வைத்தாள். ஒரு மணி நேரத்தில் முதல் பட்டை காய்ந்த இலை மாதிரி உதிர்ந்தது. இரண்டாவதை அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பெட்டிதான் கையோடு வந்தது.

"சரி, நாயைக் கொண்டா," என்றார்.

ஜன்னல் முழுக்கத் தாள் ஒட்டினார்கள். சமையலறையே தேன் ஜாடிக்குள் இருப்பதுபோல் ஆயிற்று. கோபாசா பெருமூச்சு விட்டுத் தூங்கியது. வெயில் நகர நகர லாரிசா மெத்தையையும் நகர்த்தினாள். அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் அப்பா நகர்த்தினார். கேட்டால், தனக்கு வேறு வேலை இல்லையா என்பார்.

பத்தாம் நாள் டாக்டர் நீல விளக்கைக் காட்டினார். பட்டை தானே கழன்றது. கோபாசா கொட்டாவி விட்டது, அவ்வளவுதான். காயம் ஆறியிருந்தது. பின்னங்கால்கள் மட்டும் அசையவில்லை.

"காத்திருப்போம்," என்றார் டாக்டர்.

லாரிசா தாளை உரிக்கவில்லை. மெத்தையை நகர்த்துவதையும் நிறுத்தவில்லை.

இரண்டு வாரம் போனது. ஒரு ஞாயிறு மத்தியானம் லாரிசா வீட்டுப்பாடக் கணக்கில் மூழ்கிவிட்டாள். நினைவு வந்து திரும்பிப் பார்த்தபோது வெயில் அடுப்புப் பக்கம் போயிருந்தது. கோபாசா அந்த வெயிலில் கிடந்தது.

"அப்பா, நீங்க மெத்தையை நகர்த்தினீங்களா?"

"இல்லையே. நீ நகர்த்தலயா?"

இருவரும் பார்த்தார்கள். மெத்தை பழைய இடத்திலேயே, நிழலில் கிடந்தது. அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். கோபாசா தலையைத் தூக்கியது, எழுந்தது. பின்னங்கால்கள் தள்ளாட, நாலு காலிலும் அரை அடி நகர்ந்து, வெயிலின் நடுவே வந்து பொத்தென்று படுத்தது.

அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டார். லாரிசா சத்தம் போடாமல் போய், மெத்தையை மடித்து அலமாரியில் வைத்தாள்.