நடுத்திரையில் அப்பச்சன்

கூடத்துச் சுவரின் மின்திரைகளில் நடுத்திரை மட்டும் ஈரமாக இருந்தது. ரீனு முதலில் அதை மழைச் சாரல் என்றுதான் நினைத்தாள். கேரளத்துப் பாலா ஊரில் ஆடி மாதத்துக் கர்க்கடக மழை தொடங்கிவிட்டால் அரிசிப் பெட்டிக்குள்கூடப் பூஞ்சை பூத்துவிடும். ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது. துணியால் துடைத்தபோது அந்த ஈரம் சளியைப் போல நூலாக இழுபட்டு வந்தது. முகர்ந்து பார்த்திருக்க வேண்டாம். வாடிய முல்லை, மெழுகுவர்த்திப் புகை, அதற்கடியில் மூக்கைக் குத்தும் பிண மருந்து. போன வருடம் இதே நாள் மாமனார் அப்பச்சனின் சவப்பெட்டி இந்தக் கூடத்தில் இருந்தபோது அடித்த அதே நாற்றம். துணியைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

பத்து நாள் பாடுபட்டு அவளே அமைத்த சுவர் அது. ஒன்பது திரைகள், சுற்றிலும் தேக்குச் சட்டம், வயர்கள் கண்ணில் படாமல் சுவருக்குள். கணினியில் வரைவதுதான் அவள் தொழில். தன் கடலும் மீன்களும் வாழையிலைகளும் அந்தத் திரைகளில் மெல்ல அசைந்தால் இந்த வீட்டின் முகமே மாறிவிடும் என்று ஆசைப்பட்டாள். அதற்கு இடம் வேண்டுமென்று, அதே சுவரில் சிவப்பு பல்பு எரிய மாட்டியிருந்த மாமனாரின் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்திருந்தாள். இன்று சாயங்காலம் அவருக்கு ஆண்டுப் பிரார்த்தனை. சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்று, குடும்ப ஆல்பத்தையும் காலையில் சுவரோடு இணைத்துவிட்டாள். அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. படங்களை அசையவைக்கும் வசதியையும் நிறுத்தவில்லை.

துடைத்த திரையில் இப்போது சவப்பெட்டி தெரிந்தது. அதைச் சுற்றி வழக்கப்படி குடும்பமே வரிசையாக நின்று கேமராவைப் பார்த்தது. யாரும் அசையவில்லை. அப்பச்சனின் மூக்கில் வைத்த பஞ்சு மட்டும் உள்ளே போனது, வெளியே வந்தது, உள்ளே போனது.

அலுவலகத்தில் இருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"ஜோபிச்சா, பெட்டிப் படத்தையெல்லாம் எதுக்கு ஆல்பத்துல போட்டீங்க?"

"குவைத்துல இருக்கிறவங்க பாக்க வேணாமா? எடீ, செத்தவரோட ஒரு படம் எடுக்கலன்னா அது குடும்பமா? உனக்கு அப்பச்சன்னாலே ஓக்காளம்தான்."

"அவர் மூக்குல பஞ்சு அசையுது."

"நீதானே அசையற மாதிரி வெச்சே!" சிரித்தான். "இருந்தப்பதான் மூச்சுவிட முடியாமக் கிடந்தார். இப்பவாவது நிம்மதியா விடட்டும், விடு."

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் அவருடைய எச்சில் துப்பும் கோளாம்பியைக் கழுவியவள் அவள். பச்சைச் சளி கையில் வழுக்கும், குமட்டிக்கொண்டே கழுவுவாள். நாற்றம் கூடத்துக்கு வரக் கூடாதென்று அவர் அறைக் கதவைச் சாத்திவிடுவாள். "மூச்சு முட்டுது மோளே, கதவைத் திற" என்று உள்ளேயிருந்து கெஞ்சுவார். கேட்காதது போல இருந்துவிடுவாள். அவர் செத்ததும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான். ஆறு வயது மகள் ஈவா கடைசி முத்தம் கொடுக்கமாட்டேன் என்று அழுதபோது, ஊர் பார்க்கிறதே என்று பிள்ளையின் பிடரியைப் பிடித்துப் பிணத்தின் நெற்றியில் அழுத்தியதும் அவள்தான். அதற்குப் பிறகு ஈவா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

போனிலிருந்து படத்தை அழித்தாள். திரை ஒருமுறை இருண்டு மீண்டது. இப்போது குடும்பம் இல்லை, பெட்டி இல்லை, முகம் மட்டும். ஒன்பது திரைகளும் சேர்ந்து, சுவர் நிறைய முகம். பஞ்சு மஞ்சளாக ஊறியிருந்தது. ஓரத்தில் கோழை நுரைத்தது. நெஞ்சுக்குள் சளி கொறகொறக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சுவரில் அவள் ஸ்பீக்கரே பொருத்தவில்லை.

"அம்மே."

ஈவா எப்போது வந்தாளோ, சுவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பச்சன் கதவைத் திறக்கச் சொல்றார்."

"பாக்காதே. உள்ள போ."

"பஞ்சு அடைக்குதாம், அம்மே. எடுத்துவிடச் சொல்றார்."

"உள்ள போன்னு சொன்னேன்ல!"

பிளக்கைப் பிடுங்கினாள். எட்டுத் திரைகள் அணைந்தன. நடுத்திரை அணையவில்லை. அதன் சட்டத்தின் அடியிலிருந்து கொழகொழவென்று ஏதோ சுவர் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அவளோ மெயின் ஸ்விட்சை நோக்கி ஓடினாள். பின்கட்டு. ஈரச் சுவர். கை வழுக்கியது. இழுத்தாள்.

மின்விசிறிகள் நின்றன. மழை மட்டும்.

பிறகு மழைக்கும் மேலாக ஒரு மூச்சு. நீளமானது. ஆழமானது. இரண்டு வருடம் கிடைக்காத மூச்சு.

கூடத்துக்கு வந்தாள். மின்சாரம் இல்லாத திரையில் அப்பச்சனின் முகம் இன்னும் இருந்தது. மூக்கில் பஞ்சு இல்லை. இரண்டு கரிய துளைகள் விரிந்தன, சுருங்கின, விரிந்தன.

ஈவா சுவரை ஒட்டி, முதுகைக் காட்டி நின்றாள். விரல்களில் நூலாகக் கோழை தொங்கியது.

"மோளே. இங்க வா."

வரவில்லை.

"ஈவா!"

திரும்பினாள். அவளுடைய சின்ன மூக்கின் இரண்டு துளைகளிலும் அந்த மஞ்சள் பஞ்சு, பிணத்துக்கு வைப்பது போலவே ஒழுங்காக அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. வாய் இறுக மூடியிருந்தது.

பஞ்சு அசையவில்லை.